விழாத சிவப்புச் சீட்டு

செப்டம்பர் 2, திங்கள்

இந்த டைரி போன வருடத்தது. ஆபீஸ் ஸ்டோர் ரூமில் மிச்சம் கிடந்தது. ஒரு ஓரத்தை எலி தின்றிருக்கிறது. கிழமை எல்லாம் தப்பு, நானே அடித்துத் திருத்திக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து பெரிசு பெரிசாக வருகிறது. வரட்டும். எது எந்தத் தேதியில் நடந்தது என்பது இனிமேல் என்னிடம் எழுத்தில் இருக்கவேண்டும். வாயால் சொன்னால் யாரும் நம்புவதில்லை. அதை ஜூன் 25-ஆம் தேதி தெரிந்துகொண்டேன்.

இன்றைக்குக் கழுவிய டீ கப் இருபத்திரண்டு. ஏழில் மூக்குச் சிந்திய காகிதம். ஒன்றின் அடியில் சூயிங்கம், நகத்தால் சுரண்டி எடுத்தேன். கை கழுவும் தொட்டியில் தயிர்சாதம். எல்லாம் கம்ப்யூட்டர் படித்த பிள்ளைகள். சீ.

செப்டம்பர் 9, திங்கள்

பெரிய ஹாலில் புதிதாக ஒரு போர்டு மாட்டியிருக்கிறார்கள். மேலே இங்கிலீஷில் நான்கு எழுத்து. "அது ரிஸ்க். என்னென்ன தப்பா போகலாம்னு எழுதி ஒட்டுற போர்டு" என்று வாசல் செக்யூரிட்டி கோதண்டம் சொன்னார். அவர் பஸ் கண்டக்டராக இருந்து ரிடையர் ஆனவர், இங்கிலீஷ் படிப்பார்.

"தப்பா போகும்னு தெரிஞ்சா சரி பண்ண வேண்டியதுதானே? இன்னாத்துக்கு ஒட்டி வெச்சுப் பாக்குறாங்க?" என்றேன்.

"அதான் ஐ.டி. வேலை பவுனம்மா."

ஒரு ஆஸ்பத்திரிக்கு சாஃப்ட்வேர் செய்கிறார்களாம். நோயாளிகள் கணக்கு முழுவதையும் பழைய கம்ப்யூட்டரிலிருந்து புதியதற்கு மாற்றவேண்டும். திங்கட்கிழமை காலை பதினைந்து பேரும் போர்டு முன்னால் வட்டமாக நிற்கிறார்கள், கையில் நான் போட்ட டீயோடு. பயமுள்ள விஷயத்துக்குச் சிவப்புச் சீட்டு, பாதி பயத்துக்கு மஞ்சள், முடிந்ததற்குப் பச்சை. ஒவ்வொரு சீட்டின் அடியிலும் அதற்குப் பொறுப்பு யார் என்று ஒரு பெயர். பெயர் போட்டதும் அந்த ஆளைத் தவிர மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாகப் போய்விடுகிறார்கள்.

போர்டில் தூசி மட்டும் தட்டவேண்டும், சீட்டில் கை வைக்கக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

செப்டம்பர் 16, திங்கள்

இன்று போர்டு முன்னால் சண்டை. மேனேஜர் திவாகருக்கும் டெஸ்டிங் செய்கிற மெர்லினுக்கும். சாஃப்ட்வேரில் ஓட்டை தேடுவதுதான் மெர்லின் வேலை. அடுத்தவரிடம் ஓட்டை தேடுவதில் அவள் கெட்டிக்காரி, எனக்குத் தெரியும்.

"சார், பேரும் இனிஷியலும் வயசும் ஒண்ணா இருந்தா ரெண்டு பேஷண்ட்டை ஒரே ஆளா சேர்த்துடுது. இருநூறு பேரைப் போட்டுப் பார்த்தேன், ஆறு பேரு ஒட்டிக்கிட்டாங்க."

"இருநூறுக்கு ஆறு தானே மெர்லின்?"

"ஆஸ்பத்திரியில எண்பதாயிரம் பேர் இருக்காங்க சார். ரெண்டு வாரம் குடுங்க. இதைச் சரி பண்ணிட்டுப் போவோம்."

"தேதி மாத்த முடியாது. பெரிய டாக்டர் பஞ்சாங்கம் பார்த்துக் குறிச்சது. விஜயதசமிக்கு ஆரம்பிக்கலன்னா அப்புறம் தை மாசம்னு சொல்லிட்டார். மூணு மாசம் உனக்கு யார் சம்பளம் கொடுப்பா?"

"அப்ப மெயில்லயாவது போட்டு வைக்கறேன் சார்."

"மெயில் வேணாம்! எல்லா மெயிலும் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கும் ஒரு காப்பி போகுது. போர்டுல ஒட்டு, போதும்."

அவள் ஒரு சிவப்புச் சீட்டு எழுதி ஒட்டினாள். பேனாவை அவரிடம் நீட்டினாள். அத்தனை பேர் பார்க்கிறார்களே என்று அவரும் அடியில் ஏதோ கிறுக்கிக் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் பெரும்பாக்கம் ஹவுசிங் போர்டில் ஒரே பிளாக்கில் மூன்று அமுதா. இரண்டு பேருக்கு இனிஷியலும் ஒன்று, ரேஷன் கடையில் மாதம் தவறாமல் சண்டை. இது தெரிய கம்ப்யூட்டர் எதற்கு? கேட்டிருந்தால் நானே சொல்லியிருப்பேன். துடைப்பக்காரியை யார் கேட்கப்போகிறார்கள்.

எண்பத்து மூன்று நாள் ஆகிறது. மெர்லின் இன்னும் என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

செப்டம்பர் 23, திங்கள்

லிஃப்ட் ரிப்பேர். ஆறு மாடி இறங்கி, ஏறி. முட்டி வீங்கிவிட்டது. போர்டில் பதினொரு சிவப்பு.

செப்டம்பர் 30, திங்கள்

பதினொன்று நான்காகிவிட்டது. வேலை முடிந்து அல்ல. மதியம் எல்லோரும் சாப்பிடப் போனபோது திவாகர் தனியாக நின்று சிவப்பை உரித்துவிட்டுப் பச்சை ஒட்டினார். நான் மேஜை துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைப் பார்த்தார், பார்த்தும் தொடர்ந்து ஒட்டினார். நாற்காலி பார்த்தால் கூச்சமா வரும்? அப்படித்தான் நானும்.

மெர்லின் சீட்டை மட்டும் அவர் தொடவில்லை. அதை அவள் தினமும் வந்து பார்க்கிறாள்.

ஃபிரிட்ஜில் யாரோ வைத்து மறந்த மீன் குழம்பு. திறந்ததும் வாந்தி வந்தது. இரண்டையும் ஒரே நாளில் பார்க்கவேண்டும் என்று என் தலையில் எழுதியிருக்கிறது.

அக்டோபர் 8, செவ்வாய்

ஜூன் 25-ஐ எழுதிவைக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். இன்று எழுதுகிறேன்.

மதியம் மூன்றே கால். மெர்லினின் மோதிரம் காணவில்லை. கை கழுவும்போது கழற்றிவைத்தாளாம். "எனக்கு அப்புறம் பவுனம்மா தான் உள்ள போனாங்க" என்றாள். அந்த ஒரு வாக்கியம்தான். திவாகர் என் பையைக் கொண்டுவரச் சொன்னார். ஹால் நடுவில், மேஜை மேல், பதினைந்து பேர் பார்க்க, ஒவ்வொன்றாக எடுத்துவைத்தார்கள். சீப்பு. முட்டி வலித் தைலம். பழைய சேலைத் துணியில் சுற்றிவைத்திருந்த என் பல் செட். அதைப் பார்த்து ஒரு பையன் சிரித்தான். சிவப்புச் சட்டை. அறுபத்து மூன்று வயது, மூன்று பேரப்பிள்ளை எடுத்தவள் நான்.

மோதிரம் நாலரை மணிக்கு அவள் சாப்பாட்டுப் பையிலேயே கிடைத்தது. அவள் திவாகரிடம் "சாரி சார்" என்றாள். அவரிடம்! என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

இதை ஏன் இன்று எழுதுகிறேன் என்றால், அவள் இன்று என்னிடம் வந்து பேசினாள். பூஜை லீவுக்கு நாகர்கோவில் போகிறாளாம், பையோடு நின்றாள்.

"பவுனம்மா, ஒரு உதவி. அந்தச் சிவப்புச் சீட்டு இருக்குல்லா, அதை மட்டும் யாரும் எடுக்காம பாத்துக்கிடுங்க. வியாழக்கிழமை ஆஸ்பத்திரிக்காரங்க வருவாங்க. போர்டைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடுவாங்க. அதைப் பாத்தா கண்டிப்பா கேப்பாங்க. நான் இல்லன்னாலும் அது இருக்கணும்."

நூற்று ஐந்து நாள் கழித்து முதல் பேச்சு. அதுவும் அவள் காரியத்துக்கு.

நான் தலையாட்டவும் இல்லை, மாட்டேன் என்று சொல்லவும் இல்லை.

அக்டோபர் 9, புதன்

ஹால் முழுவதும் கழுவித் துடைத்தேன். நாளை பூஜை. திவாகர் போகும்போது, "கீழ விழுந்த சீட்டெல்லாம் குப்பையில போட்டுடுங்க. ஒட்டியிருக்கறதுல கை வைக்காதீங்க, காலையில நான் பார்த்துக்கறேன்" என்றார்.

போர்டு அடியில் மூன்று பச்சை, ஒரு சிவப்பு கிடந்தன. ஃபேன் காற்றுக்கு விழுந்திருக்கும். பச்சையைக் குப்பையில் போட்டேன். சிவப்பை இந்த டைரியில் வைத்திருக்கிறேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

முட்டி வலி. வேறு விசேஷம் இல்லை.

அக்டோபர் 10, வியாழன்

ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் சந்தனம், குங்குமம். சர்வர் அறையில் பெரிய பெட்டிக்கு மாலை, அதன் கீழே ஒரு எலுமிச்சம்பழம். ஐயர் வந்தார். திவாகர் போர்டுக்குக்கூடப் பொட்டு வைத்தார்.

காலையில் அவர் மிச்சச் சிவப்பையும் உரித்துப் பச்சை ஒட்ட வந்தபோது போர்டைப் பார்த்ததை நான் பார்த்தேன். மெர்லின் சீட்டு இருந்த இடம் வெறுமையாக இருந்தது. திரும்பி என்னைப் பார்த்தார். கேட்பார் என்று நினைத்தேன். சிரித்தார். அந்தச் சிரிப்பில் "நம்ம ஆளு" என்று இருந்தது. இத்தனை வருடம் ஊரார் கக்கூஸ் கழுவுகிறேன், இப்படி ஒரு அசிங்கம் என் மேல் பட்டதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நான்கு பேர். பெரிய டாக்டர் போர்டு முன் நின்று, "எல்லாம் பச்சையா இருக்கே, ரொம்ப நல்லது" என்றார். கையெழுத்துப் போட்டார். எங்கள் முதலாளி வரதன் அவருக்குச் சால்வை போர்த்தினார். வாசலில் பூசணிக்காய் உடைத்தார்கள். குங்குமத் தண்ணீரும் சதையும் விதையுமாக ஆறு படிக்கட்டு. யார் அள்ளியது? நான்.

திவாகர் கூப்பிட்டு ஒரு கிலோ ஸ்வீட் பெட்டி கொடுத்தார். மற்ற ஹவுஸ்கீப்பிங் ஆட்களுக்குக் கால் கிலோ. பஸ் ஸ்டாண்டில் இருந்த ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அக்டோபர் 12, சனி

விஜயதசமி. புது சாஃப்ட்வேர் ஆரம்பித்தாயிற்றாம். கேக் வெட்டினார்கள். ஒருவர் முகத்தில் ஒருவர் பூசினார்கள். தரையில் மிதித்து, அதன் மேலேயே நடந்து. வெந்நீர் ஊற்றித் தேய்த்தேன்.

அக்டோபர் 14, திங்கள்

மழை. மெர்லின் வந்தாள். ஈரக் குடையோடு நேராகப் போர்டுக்குப் போனாள்.

"என் சீட்டு எங்க?"

கீழே குனிந்து பார்த்தாள். போர்டுக்குப் பின்னால் கை விட்டாள். மேஜை அடியில் தேடினாள். குப்பைத் தொட்டியைக்கூடக் கிளறினாள். என்னிடம் வந்தாள்.

"பவுனம்மா, பாத்தீங்களா?"

"நான் இன்னாத்தைக் கண்டேன் மேடம்."

ஒரு பொருள் காணாமல் போனால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியட்டும் என்று இருந்தது. இதற்காக எத்தனை நாள் காத்திருந்தேன். பார்த்தேன். நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். எலுமிச்சம்பழத்தைக் கடித்த பல் மாதிரி இருந்தது.

அக்டோபர் 16, புதன்

கோதண்டம்தான் சொன்னார். ஆஸ்பத்திரியில் ஒரு அம்மாளுக்கு ஏதோ ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த ஊசி அவளுக்கு ஒத்துக்கொள்ளாது என்று பழைய கணக்கில் இருந்ததாம். புதுக் கணக்கில் இல்லை. இன்னொரு ஆளோடு ஒட்டிவிட்டது. முகம் வீங்கி, மூச்சு நின்று, இப்போது ஐ.சி.யூ.

"பேரு இன்னா?" என்றேன்.

"மு. அமுதாவாம். நாப்பத்தெட்டு வயசு. ரெண்டு பேருக்குமே."

துடைப்பத்தை வைத்துவிட்டு ஸ்டோர் ரூமில் போய் உட்கார்ந்தேன். எங்கள் பிளாக் அமுதா இல்லை. ஃபோன் போட்டுக் கேட்டேன், வீட்டில்தான் இருக்கிறாள். அதனால் என்ன? இவளும் யாருக்கோ அமுதா.

திவாகர் எப்படியும் காலையில் அதைப் பிய்த்திருப்பார். அவரே சொன்னாரே, பார்த்துக்கறேன் என்று. அதற்கு அதுதானே அர்த்தம்.

அக்டோபர் 17, வியாழன்

அமுதா கண் திறக்கவில்லை.

சர்வர் அறையில் நாற்றம் என்றார்கள். போய்ப் பார்த்தால் அந்த எலுமிச்சம்பழம். யாரோ மிதித்து நசுங்கி, பச்சையாகப் பூஞ்சை. கையால் வழித்து எடுத்தேன்.

ஹாலில் விசாரணை போல நடந்தது. கதவு திறந்துதான் இருந்தது. திவாகர் சொல்கிறார்: "இப்படி ஒரு ரிஸ்க்கை யாரும் என்கிட்ட சொல்லவே இல்ல சார். சொல்ல வேண்டியது டெஸ்டிங். மெர்லின் பொறுப்பு." கம்ப்யூட்டரில் ஒரு பட்டியல் இருந்ததாம், அதிலும் அந்த வரி இல்லையாம். மெயில் இல்லை. போட்டோ எடுக்கவும் வழி இல்லை, ஹாலுக்குள் யாரும் ஃபோன் கொண்டுபோகக்கூடாது, எல்லாம் கோதண்டத்தின் அலமாரியில். போர்டு முன்னால் நின்ற மற்ற பதிமூன்று பேரும் தரையைப் பார்க்கிறார்கள். அந்தச் சிவப்புச் சட்டைப் பையனும். ஒருவருக்கும் ஞாபகம் இல்லையாம்! செப்டம்பர் 16, திங்கள், பத்தேகால் மணி. எனக்கு ஞாபகம் இருக்கிறது. அன்று ஏலக்காய் டீ.

நாளை ஆஸ்பத்திரிக்காரர்கள் வருகிறார்கள். மெர்லினை வேலையை விட்டு எடுப்பதோடு போலீஸிலும் எழுதிக்கொடுக்கப் போகிறார்களாம். அவள் பாத்ரூமில் அழுதாள். நான் வெளியே மாப் போட்டுக்கொண்டிருந்தேன். ஜூன் 25 அன்று நான் அழுததும் அதே கதவுக்குப் பின்னால்தான்.

சாயங்காலம் கோதண்டத்திடம் சீட்டைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

"ஒரே பேர், ஒரே வயசு இருந்தா நோயாளிகள் கலந்துடுவாங்க, ஆபத்துன்னு எழுதிருக்கு. பொறுப்புன்னு திவாகர் பேரு. கீழ அவரு கையால, 'ஆரம்பிச்ச அப்புறம் பார்க்கலாம்'னு எழுதிக் கையெழுத்து. தேதியும் இருக்கு." நிமிர்ந்தார். "இது உங்ககிட்ட எப்படி?"

"கீழ கெடந்துச்சு."

அவர் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். மேல் ஓரம் கிழிந்திருந்தது. விரலால் அதைத் தடவிவிட்டுக் கொடுத்துவிட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

ஹால் கதவைத் தட்டிவிட்டு உள்ளே போனேன். பெரிய டாக்டர், முதலாளி, திவாகர், ஓரத்தில் மெர்லின்.

"டீ இப்ப வேணாம் பவுனம்மா" என்றார் முதலாளி.

"டீ கொண்டாரல சார்."

அன்றைக்கு வைத்த அதே மேஜையில் என் பையை வைத்தேன். "அன்னிக்கு நீங்க தொறந்தீங்க. இன்னிக்கு நானே தொறக்குறேன்" என்றேன். சீப்பு, தைலம், பல் செட், ஒவ்வொன்றாக எடுத்துவைத்தேன். யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் டைரி. அதிலிருந்து சீட்டு.

"செப்டம்பர் பதினாறு, திங்கக்கெழமை, பத்தேகாலு. இந்தப் பொண்ணு சொல்லுச்சு. இவரு கையெழுத்துப் போட்டாரு. இருநூறு பேருக்கு ஆறு பேருன்னு அது சொன்னப்போ, ஆறு தானேன்னாரு. மெயில் வேணாம், ஆஸ்பத்திரிக்கும் காப்பி போகும்னாரு. செப்டம்பர் முப்பது மத்தியானம் எல்லாரும் துன்னப் போனப்போ இவரே செவப்பை உரிச்சுட்டு பச்சை ஒட்டுனாரு. ஏழு சீட்டு. எண்ணுனேன்."

பெரிய டாக்டர் சீட்டைக் கையில் எடுத்தார். பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அவர் குறித்த நாள், பஞ்சாங்கம், எல்லாம் அந்த முகத்தில் ஓடியது. திவாகர் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நாற்காலியைப் பார்ப்பது மாதிரி இல்லை.

"இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சது?" என்றார் முதலாளி.

"புதன்கெழமை பெருக்கும்போது கீழ விழுந்து கெடந்துச்சு சார். எடுத்து வெச்சேன்."

"நல்ல வேளை! குப்பையில போடாம இருந்தீங்களே" என்று எழுந்து நின்று கை கூப்பினார். டாக்டரும் கூப்பினார். மெர்லின் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

இரண்டு பேர் என்னைக் கும்பிட்டார்கள். பல் செட்டையும் சீப்பையும் பைக்குள் போட்டுக்கொண்டு, தொட்டிக்குப் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன்.

அக்டோபர் 19, சனி

அமுதா நேற்று இரவு கண் திறந்தாளாம். மகள் பெயரைச் சொன்னாளாம். கோதண்டத்தை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன்.

திவாகரின் மேஜையைக் காலி செய்துவிட்டார்கள். டிராயருக்குள் காய்ந்த வடை. எறும்பு.

மெர்லின் பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே வந்தாள். அவள் கை என் கையைப் பிடித்தது. அந்த மோதிரம் குத்தியது.

"பவுனம்மா, மோதிர விஷயத்துல நான் செஞ்சது பாவம். அன்னைக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. என்னை மன்னிச்சிருங்க. அப்படிப் பண்ணின எனக்குப் போய் நீங்க—"

"விழல."

"என்னது?"

"சீட்டு விழல. நல்லா ஒட்டிக்கினு இருந்துச்சு. நான்தான் நகத்தால பிச்சேன்."

அவள் கை அப்படியே இருந்தது. பிறகு மெல்ல எடுத்துக்கொண்டாள். 

"ஏன்?"

"நீயே யோசி."

அவளுக்கு யோசிக்க நேரம் ஆகவில்லை. "அந்தம்மா செத்திருந்தா?" என்றாள்.

அந்தக் கேள்வியோடுதான் நான்கு நாளாகச் சோறு தின்கிறேன் என்று இவளிடம் ஏன் சொல்லவேண்டும்? "போய் சொல்லணும்னா சொல்லிக்கோ" என்றேன். பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

இந்த டைரியில் அக்டோபர் 9-இல் எழுதியதும் பொய். ஃபேன் அன்றைக்கு ஓடவே இல்லை, ஈரத் தரை காயட்டும் என்று ஜன்னலைத்தான் திறந்துவைத்திருந்தேன். அந்தப் பக்கத்தைக் கிழிக்க நினைத்தேன். கிழிக்கவில்லை. பிய்த்தது போதும். அவள் அன்று என் மேல் போட்டது வெறும் பழி. நானே அதை நிஜமாக்கிக் கொடுத்துவிட்டேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

நாளை வேலை இருக்காது. யூனிஃபார்ம் சேலையைத் துவைத்து, மடித்து, பையில் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது அழுக்கு என்று ஒரு சொல் வரக்கூடாது.

அக்டோபர் 21, திங்கள்

வாசலில் யாரும் தடுக்கவில்லை. முதலாளி "வாங்க பவுனம்மா" என்றார். அவருக்குத் தெரியவில்லை.

போர்டைக் கழற்றிக் கழுவி மறுபடி மாட்டியிருக்கிறார்கள். பழைய சீட்டு எதுவும் இல்லை. நடுவில் ஒன்றே ஒன்று, சிவப்பு. மற்றவர்கள் இங்கிலீஷில் எழுதுவார்கள். இது தமிழில், பெரிய பெரிய எழுத்தில், நான் எழுத்துக்கூட்டாமல் படிக்கிற மாதிரி இருந்தது.

"ஒட்டிய சீட்டு காணாமல் போகலாம். பொறுப்பு: பவுனம்மாள்." அடியில் மெர்லின் கையெழுத்து, இன்றைய தேதி.

அவள் தன் இடத்தில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை. குத்திக்காட்டுகிறாளா, நம்பிக் கொடுக்கிறாளா என்று அந்த முதுகைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. திமிர் பிடித்தவள். அத்தனை பேர் பார்க்கிற இடத்தில் என் பெயரை ஒட்டிவைத்திருக்கிறாள்.

பத்தேகாலுக்கு எல்லோரும் வட்டமாக நின்றார்கள். டீ கொடுத்தேன். அவளுக்கும் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

எல்லோரும் போன பிறகு போர்டைத் துடைத்தேன். அந்தச் சீட்டைச் சுற்றி, ஓரம் நனையாமல். மேல் மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. கட்டை விரலால் அழுத்திவிட்டேன். ஒட்டிக்கொள்ளும் வரை எடுக்கவில்லை.